ஏரிக்கரையிலும் கடலோரத்திலும் நடந்து பறவை பார்க்க ஒரு வழிகாட்டி

பறவை பார்ப்பதென்றால் மலை ஏற வேண்டும், காட்டுக்குள் தங்க வேண்டும் என்று எண்ணித் தயங்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. சமவெளியிலும் கடலோரத்திலும் வாழ்கிறவர்களுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. நம் ஏரிக்கரை ஒவ்வொன்றும் ஒருபுறம் நீரையும் மறுபுறம் வயலையும் சற்று உயரத்திலிருந்து பார்க்கும்படி அமைந்த, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத நடைபாதை. முழங்கால் வலி உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும்கூட அதில் இரண்டு மணி நேரம் நிதானமாக நடக்கலாம். கடலோரத்தில் உப்பங்கழிகளும் உப்பளங்களும் கழிமுகங்களும் அதே வசதியைத் தருகின்றன. நீர்மட்டம், வெயிலின் திசை, ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) ஆகிய மூன்றையும் கணக்கிட்டுப் போகிறவருக்கு அரைக் கிலோமீட்டர் நடையே போதும். அவற்றைக் கணக்கிடாமல் போகிறவர் ஏரியை முழுதாகச் சுற்றி வந்தாலும் தொலைவில் சில கரும்புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்.

பருவமும் நீர்மட்டமும்

தமிழ்நாட்டின் நீர்நிலைகளுக்கு வலசை வரும் பறவைகளில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் முந்திக்கொள்கின்றன. ஆகஸ்டு இறுதியிலேயே கடலோரச் சேற்றில் அவற்றைக் காணலாம். வாத்துகள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வந்து சேர்கின்றன. மார்ச், ஏப்ரலில் இவை வடக்கு நோக்கித் திரும்பிவிடுகின்றன. ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ள ஆறு மாதங்களே பொதுவாகச் சிறந்த காலம் எனலாம்.

ஆனால் மாதத்தைக் காட்டிலும் ஏரியில் உள்ள தண்ணீரின் அளவே எந்தப் பறவை இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிரம்பி நிற்கும் டிசம்பரில் கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள், முக்குளிப்பான்கள், வாத்துகள் ஆகிய நீந்தும் பறவைகளே மிகுந்திருக்கும். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பிப்ரவரியில் நீர் விலகி ஓரச் சேறு வெளிப்படத் தொடங்கியதும், அதே ஏரியில் அரிவாள் மூக்கன்கள், கரண்டிவாயன்கள், நெடுங்கால் உள்ளான்கள், நாரைகள் ஆகியவை இறங்குகின்றன. வற்றும் குட்டைகளில் மீன்கள் நெருக்கியடிப்பதால் அவற்றுக்கு இரை எளிதாகக் கிடைக்கிறது. ஓர் ஏரியை டிசம்பரில் ஒருமுறையும் பிப்ரவரி இறுதியில் ஒருமுறையும் பார்ப்பது இரண்டு வெவ்வேறு ஏரிகளைப் பார்ப்பதற்குச் சமம். வீட்டுக்கு அருகே உள்ள ஏரியையே திரும்பத் திரும்பப் பார்க்கும்படி புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

மழை பொய்த்த ஆண்டுகளில் புகழ்பெற்ற சரணாலயங்கள்கூட வெறிச்சோடிக் கிடக்கும். வெளியூரிலிருந்து புறப்படுகிறவர்கள் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, பறவைகள் வந்திருக்கின்றனவா என்று வனத்துறையிடமோ உள்ளூர்க்காரர்களிடமோ விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

வெயிலுக்கு முதுகைக் காட்டுங்கள்

பறவையின் நிறமும் அலகின் வடிவமும் தெரிய வேண்டுமானால் சூரியன் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும். எதிர் வெயிலில் செங்கால் உள்ள பறவையும் பச்சைக்கால் உள்ள பறவையும் ஒரே கருநிழலாகத்தான் தோன்றும். இந்த விஷயத்தில் நம் ஏரிகளின் அமைப்பு நமக்குச் சாதகமானது. தமிழ்நாட்டுச் சமவெளி பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், ஓடிவரும் நீரைத் தடுத்து நிறுத்தும் கரை பெரும்பாலும் ஏரியின் கிழக்கு ஓரத்தில் பிறை வடிவில் எழுப்பப்பட்டுள்ளது. விடியற்காலையில் அந்தக் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் இளவெயில் நம் முதுகில் விழும், பறவைகளின் மேல் நேராக ஒளி படும். மாலையில் அதே கரை கண்ணைக் கூசவைக்கும். அப்போது வயல் பக்கம் திரும்பிக்கொள்வதே நல்லது. விதிவிலக்கான ஏரிகளும் உண்டு என்பதால், கைபேசி வரைபடத்தில் கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று முன்னிரவே பார்த்துவைத்துக் கொள்ளலாம்.

கிழக்குக் கடற்கரையில் கணக்கு தலைகீழாகிறது. காலையில் கடலை நோக்கி நின்றால் சூரியன் நேர் எதிரே இருக்கும். ஆகவே காலையில் சாலைக்கு மேற்கே உள்ள உப்பங்கழியைப் பார்த்துவிட்டு, மாலை நான்கு மணிக்குமேல் கடலோர மணலில் நடப்பதே வசதியானது.

கரைமேல் நடக்கும் விதம்

ஏரிக்கரையின் உச்சியில் நிமிர்ந்து நடக்கிறவரின் உருவம் வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரியும். நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள வாத்துகளும் அதைக் கண்டு நடுநீருக்கு விலகிப்போகும். சரிவு சீராக இருந்தால் உச்சியிலிருந்து இரண்டடி கீழே, வயல் பக்கமாக நடந்து, பனைமரமோ புதரோ உள்ள இடங்களில் மட்டும் மேலேறிப் பார்ப்பது பலன் தரும். முப்பது நாற்பது அடி நடந்ததும் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். முதல் நிமிடத்தில் எதுவுமே இல்லாததுபோலத் தோன்றும் கோரைப்புல் விளிம்பிலிருந்து மூன்றாவது நிமிடத்தில் ஒரு தாழைக்கோழி வெளியே வரும், அதற்குப் பின்னால் ஒரு மடையான் கழுத்தை நீட்டும்.

பறவை நம்மைக் கவனித்துவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. மேய்ந்துகொண்டிருந்தது தலையைத் தூக்கும், உடலை ஒடுக்கிக்கொண்டு நிமிரும், எதிர்த்திசையில் இரண்டு அடி எடுத்துவைக்கும். அந்த நொடியில் நின்றுவிட்டால் அது மீண்டும் மேயத் தொடங்கும். இன்னொரு அடி எடுத்துவைத்தால் பறந்துவிடும். பறவையை நோக்கி நேராகச் செல்லாமல், அதைக் கடந்து வேறெங்கோ போவதைப் போலச் சாய்வாக நடப்பதும் உதவும். ஆள்காட்டிப் பறவை கத்திவிட்டால் சுற்றுப்புறம் முழுவதும் விழித்துக்கொள்ளும். அது அடங்கும்வரை உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கரையில் எல்லா இடமும் ஒன்றல்ல. மதகிலிருந்து கசியும் தண்ணீர் வாய்க்காலில் விழும் இடத்தில் மீன்கொத்தியும் மடையானும் அநேகமாகத் தவறாமல் இருக்கும். ஏரி நிரம்பி வழியும் நாள்களில், உபரிநீர் வெளியேறும் தடுப்பான கலங்கலின் கீழே கொக்குகள் வரிசையாக நின்று, நீரோடு இறங்கும் குஞ்சு மீன்களைக் கொத்திக்கொண்டிருக்கும். கரை ஓரத்துப் பட்ட மரத்தின் உச்சிக்கிளையில் பாம்புத்தாராவோ நீர்க்காகமோ சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது உடல் முழுதும் நீருக்குள் மூழ்கி, கழுத்து மட்டும் பாம்புபோல வெளியே நெளிவதையும் அருகிலேயே பார்க்கலாம். நேரம் குறைவாக இருந்தால் மதகு, கலங்கல், பட்ட மரம் என்ற இந்த மூன்று இடங்களையும் பார்த்தாலே போதும்.

தொடங்குவதற்கு ஏற்ற பாதைகள்

முதல் நடைக்கு வேடந்தாங்கலை மிஞ்சிய இடம் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள இந்தச் சிறிய ஏரியின் கரையில் நிழலான, சமதளமான பாதையும் பார்வைக் கோபுரமும் உள்ளன. நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் வக்காக்களும் கூடு கட்டி, குஞ்சுகளுக்கு இரையூட்டுவதை வெறுங்கண்ணாலேயே பார்க்க முடிகிறது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரமாவதை உணர்ந்த ஊர்மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்காரர்களை அண்டவிடாமல் காத்துவந்தனர். அவர்களுடைய அந்த உரிமையை 1798-ல் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்தில் அங்கீகரித்தார். விடுமுறை நாள்களில் கூட்டம் நெரிசலாக இருக்கும் என்பதால் வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள கரிக்கிலி ஏரிகளுக்கு அவ்வளவு பேர் வருவதில்லை. அங்கே கூடுகள் குறைவு. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி முதலிய வாத்துகளைப் பார்க்க அதுவே ஏற்ற இடம். இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். இவ்விரண்டும் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

சென்னைக்குள் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உள்ளது. குப்பைமேடும் கட்டடங்களும் நெருக்கிய பிறகு எஞ்சிய பகுதிதான் என்றாலும், நீலத் தாழைக்கோழி, நீளவால் இலைக்கோழி, நாமக்கோழி, சில பருவங்களில் பூநாரை என அங்கே காணக் கிடைப்பவை வியப்பூட்டுவன. துரைப்பாக்கம் சாலையை ஒட்டி வனத்துறை அமைத்துள்ள சூழலியல் பூங்காவின் நடைபாதை, சக்கர நாற்காலியில் வருகிறவர்களையும் அழைத்துச் செல்லும் அளவுக்குச் சமதளமானது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நின்று பார்க்கும் வழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. பின்னால் வரும் லாரியின் ஓட்டுநருக்கு நம் பைனாகுலரில் தெரிவது தெரியாது.

தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள கோடியக்கரை, ஒருநாள் நடைக்கு அடங்காத இடம். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-ல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமான இங்கே பசுமைமாறாக் காடு, புல்வெளி, உப்புச் சதுப்பு, கடற்கரை ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு அவற்றின் வலசையைப் பின்தொடர்ந்து வருகிறது. தொலைவுகள் அதிகமாதலால், அனுமதி பெற்று வண்டியில் சென்று இறங்கி, சதுப்பு விளிம்பில் சிறு சிறு நடைகளாக நடப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நடைபாதையே தேவையில்லை: ஊர்த்தெருவில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டுகின்றன, தெருவில் நடப்பதே பறவை பார்ப்பதாகிவிடுகிறது. தனுஷ்கோடியில் பூநாரைகள் வந்து தங்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு 2025-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நிழல் என்பது அறவே கிடையாது, காற்று மணலை வாரி இறைக்கும், எனவே காலை ஒன்பது மணிக்குள் நடையை முடித்துக்கொள்ள வேண்டும். கடலுக்கு அப்பால் மன்னாரில், தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலச் சாலையும் அதை அடுத்த வங்காலைச் சரணாலயமும் இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு இதேபோன்ற எளிய தொடக்கமாக அமையும்.

ஓதம் பார்த்துப் போதல்

உப்பங்கழியிலும் கழிமுகத்திலும் கடிகாரத்தைவிட ஓதமே முக்கியம். கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது; ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது. நம் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு சென்னை அருகே ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். பாக் நீரிணைப் பகுதியில் அதைவிடக் குறைவு. ஆயினும் தட்டையான சேற்று வெளியில் ஒரு சாண் நீர் இறங்கினாலே ஏக்கர்கணக்கில் தரை வெளிப்பட்டுவிடும்.

முழுதாக வற்றியிருக்கும்போது பறவைகள் அந்தப் பரப்பு முழுவதும் சிதறி, நீர் விளிம்போடு வெகுதூரம் போய்விடுகின்றன. நீர் ஏறத் தொடங்கியதும் அவை மெல்ல மெல்லக் கரையை நோக்கித் தள்ளப்படுகின்றன. உச்ச ஏற்றத்தின்போது மேட்டுத் திட்டுகளிலும் உப்பள வரப்புகளிலும் கூட்டமாக ஒதுங்கி, ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கின்றன. எனவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே சென்று, ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், நாம் நடப்பதற்குப் பதிலாகப் பறவைகளே நம்மை நோக்கி நடந்துவரும். ஓய்வெடுக்கும் கூட்டத்தை எழுப்பிவிடுவது பெரிய தீங்கு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை சேமித்துவைத்த கொழுப்பை நம் ஒரு புகைப்படத்துக்காகச் செலவழிக்க வேண்டியதாகிவிடும்.

ஓத அட்டவணையை இணையத்தில் எளிதாகப் பெறலாம். ஆனால் அடையாறு போன்ற ஆறுகளின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் மாதங்களில் அட்டவணை உதவாது. முகம் திறந்திருக்கிறதா, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அங்கே வலை வீசுகிறவரைக் கேட்பதே சரியான வழி. கேளம்பாக்கத்திலிருந்து கோவளத்துக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் விரியும் உப்பங்கழியும் உப்பளங்களும் இத்தகைய நடையைப் பழகுவதற்குச் சென்னைக்கு மிக அருகில் உள்ள இடம்.

சேற்றில் ஓடுவது எது?

உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் புதியவர்களை மிரட்டும். எல்லாமே பழுப்பாக, எல்லாமே சிறியதாகத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு, முதலில் அது இரை தேடும் விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடுவது: நாலைந்து அடி விரைந்து ஓடும், சட்டென்று நிற்கும், உற்றுப் பார்க்கும், ஒருமுறை கொத்தும், மறுபடி ஓடும். அதன் அலகு குட்டை, கண் பெரியது. உள்ளான் வகைகளில் பலவும் அலகின் நுனியால் தொட்டுணர்ந்து இரை தேடுபவை: தலையைக் குனிந்தபடியே தையல் இயந்திரத்தின் ஊசிபோலச் சேற்றைத் தொடர்ந்து குத்திக்கொண்டே நகரும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்ததாகக் காலையும் அலகையும் பாருங்கள். ரோஜா நிறத்தில், உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் கால் இருந்தால் அது நெடுங்கால் உள்ளான். ஆரஞ்சு கலந்த சிவப்புக் காலோடு, பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை தெரிந்தால் பவளக்காலி. வெளிறிய பச்சைக் காலும் சற்றே மேல்நோக்கி வளைந்த அலகும் கொண்டது பச்சைக்காலி. கீழ்நோக்கி வாள்போல வளைந்த நீண்ட அலகு கோட்டான்களுக்கு (ஆந்தையல்ல, உள்ளான் இனத்துப் பெரிய பறவை) உரியது. ஓயாமல் பின்பகுதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கரைக்கல்லில் தனியாக நடப்பது பெரும்பாலும் சாதாரண உள்ளான். கூட்டத்தின் காலடியில் சிட்டுக்குருவி அளவில் ஓடித் திரிவது கொசு உள்ளான். வட துருவத்தை ஒட்டிய நிலங்களில் இனப்பெருக்கம் செய்துவிட்டு அந்தச் சிறு உடலோடு அது இங்கே வந்திருக்கிறது.

வெள்ளைக் கொக்குகளையும் அவசரப்பட்டு ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது. சின்னக் கொக்கின் அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். அது ஆழமற்ற நீரில் ஒரு காலை முன்னே நீட்டி, மஞ்சள் விரல்களை அடிச்சேற்றில் நடுக்கி, பதறி வெளியேறும் இறாலையோ மீன்குஞ்சையோ கொத்தும். பைனாகுலரில் இந்தக் காட்சி கிடைத்தால் ஐந்து நிமிடமாவது அதிலேயே நில்லுங்கள். மஞ்சள் அலகோடு மாட்டின் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு.

எடுத்துச் செல்ல வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்புக் கண்ணாடி கொண்ட பைனாகுலர் நடைக்குப் போதுமானது. பத்து மடங்கு உள்ளதைக் கடற்காற்றில் ஆடாமல் பிடிப்பது கடினம். காலணியின் அடிப்பகுதி தடிமனாக இருக்க வேண்டும். ஏரிக்கரை எங்கும் உதிர்ந்து கிடக்கும் சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறிவிடும். தொப்பி, தண்ணீர், மங்கிய நிற உடை ஆகியவற்றோடு ஒரு சிறு நோட்டுப்புத்தகமும் வேண்டும். புல் மண்டிய கரையில் பாம்புகள் வெயில் காயும் என்பதால், பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டே நடக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்: பார்க்க வேண்டுமானால் நிற்க வேண்டும், நடக்க வேண்டுமானால் தரையைப் பார்க்க வேண்டும்.

கழிமுகத்துச் சேற்றில் இறங்கவே கூடாது. மேலே காய்ந்து வெடித்தாற்போலத் தெரியும் இடத்தின் கீழே முழங்கால் அளவு உளை இருக்கலாம். உப்பளங்கள் பிறருடைய தொழிலிடங்கள். வேலை செய்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் காட்டும் வரப்பில் மட்டும் நடக்க வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது.

கோடை தொடங்கியதும் வேறொரு கவனம் தேவைப்படுகிறது. ஆள்காட்டி, நெடுங்கால் உள்ளான், சிலவகை உப்புக்கொத்திகள், சின்ன ஆலா ஆகியவை வெறுந்தரையிலேயே முட்டையிடுகின்றன; கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் நிறத்தில் வேறுபாடு காண்பது அரிது. ஒரு பறவை சிறகு ஒடிந்ததைப்போல இழுத்துக்கொண்டு நம் முன்னால் தத்தளித்தால், முட்டையோ குஞ்சோ காலடியில் இருக்கிறது என்று பொருள். அப்படியே நின்று, வந்த தடத்திலேயே பின்வாங்க வேண்டும். கூட்டைத் தேடிப் படம் எடுக்க நின்றால், தாய்ப்பறவை திரும்பி வருவதற்குள் வெயிலோ காகமோ முட்டையை முடித்துவிடும். இதே காரணத்துக்காகவே நாயை அழைத்துச் செல்வதும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் கூடாது.

நோட்டுப்புத்தகத்தில் தேதி, நேரம், இடம் ஆகியவற்றோடு நீர்மட்டத்தையும் எழுதுங்கள். கலங்கலின் எத்தனையாவது கல்வரிசை வரை நீர் நிற்கிறது என்ற குறிப்பு அடுத்த ஆண்டு ஒப்பிட உதவும். பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயல வேண்டாம்: முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அந்த அளவு எத்தனை முறை கூட்டத்தில் அடங்குகிறது என்று கணக்கிடுங்கள். காலில் வண்ண வளையமோ கொடியோ உள்ள பறவை தென்பட்டால் அதை விரட்டாமல், நிறங்களின் வரிசையையும் எழுத்துகளையும் எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புகளைப் பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவேற்றலாம். தனியாகப் பதிவேற்றத் தயங்குகிறவர்களுக்குப் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நல்ல வாய்ப்பு. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்தவற்றை எழுதிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.